முள்ளை வாளியில் போட்டது யார்?

"இந்த நாத்தத்தைக் கண்டுபிடிக்க மெஷின் எதுக்கு, தலைவி? என் மூக்கை வாடகைக்கு விட்டிருப்பேனே."

ஃப்ரூடே வடிகுழியின் இரும்பு மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டுதான் இதைச் சொன்னான். துப்பறியும் ஹெர்டிஸுக்கு உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் வாய் ஓய்ந்ததில்லை. இன்று பயத்தை மறைக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

"உன் மூக்கு முழிச்சுக்கிறதுக்குள்ள மீன் செத்துடும். நாத்தம் ஜாஸ்தியாச்சுன்னா மூக்கும் செத்துடும். அதுக்கெல்லாம் முன்னாடி கத்தறதுக்குத்தான் அந்த முள். அது ஏன் கத்தலைங்கறதுதான் கேள்வி. தலையை வெளியே எடுடா முதல்ல," என்றாள் ஹெர்டிஸ்.

ஸ்டெய்ன்விக் மீன் பண்ணையின் மூன்றாம் கூடம். சால்மன் குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்பும்வரை, அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டு, வட்டத் தொட்டிகளில் வளர்க்கிற இடம். மே பதினேழு தேசிய நாள். அந்தக் கொண்டாட்டம் முடிந்த மறுநாள் காலை, ஒரு கோப்பை காபி ஆறுகிற நேரத்துக்குள் இந்தக் கூடத்து மீன் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. மதகைத் திறக்க வடிகுழிக்குள் இறங்கிய யோஸ்டைன் என்ற ஊழியன் ஏறி வரவில்லை. இப்போது பெர்கன் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

என்ன விஷம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடியில் தங்கிய சேறு ஊறி ஊறிக் கந்தக விஷமாகி, குழாய் வழியே தொட்டிக்குள் வந்துவிட்டது. ஒரு நீச்சல் குளத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும், மீன் காலி. அந்தத் தேக்கரண்டியையும் மோப்பம் பிடிக்கிற அளவுமானிதான் 'முள்'. பேனா அளவு இருக்கும், தண்ணீரில் தொங்கும், கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் பணியில் இருப்பவரின் கைபேசியை அலற வைக்கும். அலறல் தாங்காத நாட்களில் ஊழியர்கள் அதை எடுத்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் 'முள்ளைக் குளிக்க அனுப்புறது'. பண்ணை முழுக்கத் தெரிந்த தில்லுமுல்லு, மேலாளர் காதுக்கு மட்டும் எட்டாதது.

அன்றைக்கும் முள் வாளியில்தான் கிடந்தது. "போட்டது நான்," என்று விடுமுறைப் பணியில் இருந்த டோருன் ஒப்புக்கொண்டுவிட்டாள். இன்று மதியம் போலீஸ் நிலையத்தில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள். யோஸ்டைன் பிழைக்காவிட்டால் அது கவனக்குறைவால் உயிர் போன வழக்கு.

ஹெர்டிஸை அமர்த்தியது யோஸ்டைனின் மனைவி சுன்னிவா. நிறைமாத வயிற்றோடு வந்து நின்று ஒரே ஒரு வேலைதான் சொன்னாள்: "நாளைக்கு வக்கீல் வந்து அவளைத் தப்பிக்க விடக்கூடாது. கேஸ்ல எங்கயாவது ஓட்டை இருந்தா கண்டுபிடிச்சு அடைச்சுக் குடுங்க."

ஃப்ரூடேவும் இந்த ஊர்க்காரன்தான். டோருன் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஒரு பூச்சியைக் கூட ஜன்னலைத் திறந்து வெளியே விடுகிறவள். அவளுக்கு எதிராக ஓட்டை அடைக்கிற வேலைக்கு வந்திருக்கிறோமே என்று காலையிலிருந்தே அவன் தவித்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூடியை மூடுங்கப்பா! இன்னொருத்தனைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல!" என்று கத்திக்கொண்டே மேலாளர் ரெய்டார் வந்தார். ரெண்டு நாளாகத் தூங்காத முகம். வாயின் மேலுதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

"முள்ளு சொன்னதைப் பார்க்கணும்," என்றாள் ஹெர்டிஸ்.

"பார்க்க என்ன இருக்கு? அவளே ஒத்துக்கிட்டா."

"ஒத்துக்கிட்டவங்களைத்தான் நான் ரெண்டு தடவை பார்ப்பேன்."

ரெய்டார் பெருமூச்சு விட்டு திரையைத் திருப்பிவைத்தார். தேசிய நாளன்று முள் வரைந்த கோடு. காலையில் மெல்ல மேலே ஏறி இறங்கியது. முற்பகலில் மறுபடி ஒரு மேடு. அப்புறம் நடுப்பகலில் ஏற ஆரம்பித்து, பாதி ஏற்றத்தில் படக்கென்று தரையில் விழுந்து, கடைசிவரை படுத்தே கிடந்தது.

"இந்த மேடெல்லாம் என்ன?"

"தீனி போடுற நேரம். மீன் தின்னும், கழியும், முள் லேசா முனகும். எப்பவும் அப்படித்தான்."

"அப்போ இந்தக் கடைசி மேட்டுல பாதி ஏறும்போதே யாரோ முள்ளைத் தூக்கிட்டாங்க. நடுப்பகல் தீனி எப்போ?"

"அது தானா போடுற மெஷின். சர்ச்சுல மணி அடிக்கிற நேரம்தான்..." ரெய்டார் நிறுத்தினார்.

ஃப்ரூடேவுக்குச் சுரீர் என்றது. சர்ச் மணி அடித்தால்தான் குழந்தைகள் ஊர்வலம் கிளம்பும். அந்த நேரத்தில் டோருன் சர்ச் வாசலில், பள்ளிக் கொடி பிடித்திருந்த தன் மகளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள். ஊரே பார்த்தது. ஃப்ரூடே தானே அவளுக்குக் கை ஆட்டினான்!

"தலைவி! அவ இங்க இல்லவே இல்ல! இங்க வேற யாரோ இருந்திருக்காங்க!"

"கத்தாதே. ஓட்டையைக் கண்டுபிடிச்சாச்சு. அதை அடைக்கறதா பெருசாக்கறதான்னு இனிமேதான் தெரியும்." ஹெர்டிஸ் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பார்வை அவன் காதில் நின்றது. "இது என்ன, கடுக்கன் மாத்திட்டியா?"

"இல்லையே. அதே வெள்ளிக் கடுக்கன்தான். பழைய காதலி குடுத்தது. அவ போயிட்டா, இது போகமாட்டேங்குது."

"காலையில பளபளன்னு இருந்துச்சு. இப்போ புகை பிடிச்ச மாதிரி இருக்கு."

ஃப்ரூடே கடுக்கனைக் கழற்றிப் பார்த்தான். பழுப்பேறி, ஓரத்தில் கறுத்திருந்தது. குழிக்குள் தலையை விட்டதற்குக் கூலி; கந்தகக் காற்று பட்டால் வெள்ளி கறுக்கும். ஹெர்டிஸ் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இப்படி ஒரு பொருளைப் பார்த்தால் யாருக்கோ தூக்கம் போகப் போகிறது என்று அர்த்தம்.

"ரெய்டார், முள் தொங்கற இடம் இந்தக் குழிதானே? எடுக்கணும்னா மூடியைத் திறந்தாகணும்?"

"ஆமா."

"மே பதினேழு அன்னிக்கு இந்த ஊர்ல சாதாரண உடுப்புல யாராவது இருந்தாங்களா?"

ரெய்டாருக்குக் கேள்வியே புரியவில்லை. "அன்னிக்கு யார் சாதா உடுப்புல இருப்பாங்க? எல்லாரும் புனாட்லதான்." திருவிழா நாளில் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் பரம்பரை உடுப்புக்குப் பெயர் புனாட்.

"புனாட்டுல வெள்ளி. ஆம்பளைக்குப் பொத்தான், பொம்பளைக்கு நெஞ்சுல குத்தற ப்ரோச். அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாடு முழுக்க உட்கார்ந்து வெள்ளியைத் துலக்கியிருக்கு. அப்போ மே பதினேழு காலையில இந்த ஊர்ல கறுத்த வெள்ளி ஒண்ணு கூட இல்ல. இன்னிக்கு ஒரு வீட்டுல மட்டும் இருக்கும்."

ஃப்ரூடே வாயைப் பிளந்தான். "அட! யார் யார் வீட்டு அலமாரியைத் திறக்கறது?"

"எதிர்ல நிக்கறவர்கிட்ட ஆரம்பிப்போம். உங்க புனாட் எங்க, ரெய்டார்?"

ரெய்டாரின் முகம் சட்டென்று வெளுத்தது. "எதுக்கு? என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"உங்ககிட்ட சாவி இருக்கு. அவ கையெழுத்துப் போட்டா உங்க மேல பழி வராது. சந்தேகப்படாம இருந்தாத்தான் தப்பு."

முணுமுணுத்துக்கொண்டே அவர் போய், சலவைக்குக் கொடுக்கக் காரில் வைத்திருந்த உடுப்பை எடுத்து வந்தார். ஃப்ரூடே பாய்ந்து வாங்கிப் பிரித்தான். பொத்தான்கள் பளீரென்று மின்னின. கண் கூசியது. ஃப்ரூடே ஒன்றை விரலில் உருட்டினான். நகத்தால் சுரண்டினான். அவனுக்குச் சிரிப்பு முட்டியது.

"தலைவி, இது கறுக்கவே கறுக்காது. நெருப்புல போட்டாலும் கறுக்காது. இது வெள்ளியே இல்ல!"

ரெய்டார் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுப்பா. இன்டர்நெட்ல வாங்கினது. என் மாமியாருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா." பிறகு ஆத்திரத்தோடு, "மணி அடிக்கறப்போ நான் சர்ச் படிக்கட்டுல மைக் பிடிச்சு நின்னேன். என் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டவங்க நூறு பேர் சாட்சி!"

அது நிஜம். ஃப்ரூடேவும் கொட்டாவி விட்டவர்களில் ஒருவன். சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கியது. இவர் இல்லையென்றால் யார்? மதியத்துக்கு அதிக நேரம் இல்லை.

டோருனின் வீடு படகுத்துறைக்கு மேலே, மழையில் நனைந்து நின்றது. கதவைத் திறந்தவள் போலீஸ் நிலையத்துக்குப் போகத் தயாராக வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். மேசையில் மகளின் மதியச் சாப்பாட்டுப் பெட்டி. ரொட்டி மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிச் சீவி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்குப் போதும் போல அடுக்கியிருந்தாள்.

"டோருன், முள்ளை எப்போ எடுத்தே?" என்றாள் ஹெர்டிஸ்.

"ஊர்வலத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. புனாட் போட்டுக்கிட்டு, முள்ளை வாளியில போட்டுட்டுப் போனேன். இதை எத்தனை தடவை சொல்றது?"

"மணி அடிக்கிற வரைக்கும் முள் குழியிலதான் இருந்துச்சு. நீ அப்போ ஊர்வலத்துல இருந்தே."

"மணி முன்னப்பின்ன அடிச்சிருக்கும்."

"மணி, மீன் தீனி, ஊர்வலம் மூணுமே முன்னப்பின்ன ஆச்சா?" என்று குறுக்கே பாய்ந்தான் ஃப்ரூடே. "ஏய், எனக்கு நீ கணக்குல காப்பி குடுத்தவ. உனக்குப் பொய் சொல்ல வராது. அப்பவே மாட்டிக்கிட்டோம், ஞாபகம் இருக்கா?"

டோருனின் உதட்டோரம் லேசாக அசைந்தது, உடனே இறுகியது.

"உன் ப்ரோச்சைக் காட்டறியா?" என்றாள் ஹெர்டிஸ்.

ஏதோ பெண்கள் விஷயம் என்று நினைத்து அவள் பெட்டியை எடுத்து வந்து திறந்தாள். வட்ட வட்டமாகத் தொங்கும் வெள்ளித் தகடுகள், துலக்கிய மினுக்கு அப்படியே இருந்தது. ஃப்ரூடே ஹெர்டிஸிடமிருந்து தன் கறுத்த கடுக்கனை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தான்.

டோருன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்த கணத்தில் பெட்டியைப் பட்டென்று மூடினாள்.

"வேண்டாம். வெள்ளியைத் தேடிக்கிட்டு எங்கயும் போகாதீங்க."

"ஏன்?"

"கேக்காதீங்க. தயவு பண்ணி விட்டுடுங்க. அந்தப் பொண்ணு பாவம்."

"உன் பொண்ணு பாவம்தான்! நீ உள்ளே போயிட்டா அவளுக்கு யாரு? ஒரு வாரத்து ரொட்டியைச் சீவி வச்சுட்டா ஆச்சா?" ஃப்ரூடே சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டிக் கேட்டான். "யாரைக் காப்பாத்தறே? யார் உன்னை மிரட்டினா?"

"யாரும் மிரட்டல. நான்தான் கேட்டேன். கேட்டது நான், அவ்வளவுதான்." சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "கிளம்புங்க. எனக்கு நேரமாச்சு."

காரில் ஏறியதும் ஃப்ரூடே டாஷ்போர்டில் ஓங்கிக் குத்தினான். "பைத்தியக்காரி! என்ன கேட்டா? யார்கிட்ட கேட்டா? இன்னும் கொஞ்ச நேரத்துல கையெழுத்துப் போட்டுடுவா, தலைவி. ஊர்ல இருக்கற ஒவ்வொரு அலமாரியா திறக்க நம்மகிட்ட நேரம் எங்க இருக்கு?"

ஹெர்டிஸ் வண்டியைக் கிளப்பினாள். "ஒரு அலமாரி போதும்."

"யாரோடது?"

அவள் வேகத்தைக் கூட்டினாள். படகுத்துறையைத் தாண்டி, சர்ச்சைத் தாண்டி, மேட்டில் திரும்பினாள். எந்தத் தெரு என்று தெரிந்ததும் ஃப்ரூடே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

சுன்னிவாவின் வீட்டுக் கூடத்தில் பாதி பூட்டிய தொட்டில் ஒன்று நின்றது. திருகாணிகளும் ஸ்பேனரும் தரையில் அப்படியே கிடந்தன. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாங்க. மாத்தம் இல்லையாம்," என்றாள் சுன்னிவா. கண் வீங்கியிருந்தது. "மதியம் அவ கையெழுத்துப் போடறதை நான் நேர்ல பார்க்கணும். அதுக்கப்புறம்தான் பெர்கனுக்குப் போவேன். அவர் காதுல சொல்லணும், உங்களை இப்படிப் பண்ணவ மாட்டிக்கிட்டான்னு. ஓட்டை எதுவும் இல்லையே?"

"ஒரு ஓட்டை இருக்கு," என்றாள் ஹெர்டிஸ். "முள்ளை எடுத்தது டோருன் இல்ல."

"பொய்! அவளே ஒத்துக்கிட்டா!"

"யாரையோ காப்பாத்த ஒத்துக்கிட்டா. சுன்னிவா, யோஸ்டைனோட புனாட் வீட்டுல இருக்கா?"

"எதுக்கு?"

"பார்க்கணும்."

சுன்னிவா முறைத்தாள். பிறகு, புருஷனுடைய எதையாவது கையில் எடுக்க ஒரு காரணம் கிடைத்ததே என்பது போல எழுந்து உள்ளே போனாள். போகும்போதே பேசினாள். "வெள்ளியெல்லாம் நான்தான் துலக்கினேன். அவர் விட்டா பல் தேய்க்கற பேஸ்ட்டைப் போட்டுத் தேய்ப்பார். நான் விடல. சாயங்காலம் பூரா உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானா... முதுகு விட்டுப்போச்சு. இவ்வளவு பண்ணியும் மனுஷன் அன்னிக்குக் கோட்டை மாட்டவே இல்ல. வெயில்னு தோள்லயே போட்டுக்கிட்டு வந்தார்."

உறையோடு கொண்டு வந்து சாய்நாற்காலியில் தொங்கவிட்டு, ஜிப்பை இழுத்தாள்.

இரண்டு வரிசைப் பொத்தான்கள். கோட்டு மடிந்திருந்த பக்கத்து வரிசை பளபளவென்று இருந்தது. வெளிப்பக்கத்து வரிசை கறுத்துக் கிடந்தது. மேலிருந்து கீழ்வரை ஒன்று பாக்கியில்லை.

குழிமேட்டுக் கம்பியில் மடித்துத் தொங்கவிட்ட கோட்டும், அதன் பக்கத்தில் திறந்து கிடந்த மூடியும் ஃப்ரூடேவின் மனக்கண்ணில் தெரிந்தன. அந்தப் பொண்ணு பாவம் என்று டோருன் சொன்னது யாரை என்று அவனுக்கு இப்போது விளங்கியது. ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றியது.

"ஈரம் பட்டிருக்கும்," என்றாள் சுன்னிவா.

"சுன்னிவா..."

"ஈரம்தான்! கடல் பக்கத்து வீடு. இங்க எல்லாம் கறுக்கும்." அவள் அலமாரியைத் திறந்து வெள்ளி துலக்கும் டப்பாவையும் துணியையும் எடுத்துவிட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட முடியாமல் வயிறு இடித்தது. கோட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பொத்தானை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தலைவி, தடுங்க!" ஃப்ரூடே பாய்ந்தான். கைபேசியை எடுத்தான். "இருக்கற ஒரே சாட்சி அது! அவ துடைச்சுட்டா டோருன் கதை முடிஞ்சுது!"

ஹெர்டிஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "போட்டோ எடுக்காதே."

"ஏன்?"

"எடுக்காதேன்னா எடுக்காதே."

"நாம யார் பக்கம் இப்போ?" ஃப்ரூடேவுக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே ஒருத்தி பேனாவைக் கையில் எடுத்திருப்பாள். இங்கே ஒருத்தி கறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். யாரைக் காப்பாற்றினாலும் இன்னொருத்தி போய்விடுவாள்.

முதல் பொத்தான் வெளுத்தது. சுன்னிவா இரண்டாவதைப் பிடித்தாள். துணி நழுவியது. மறுபடி பிடித்தாள். விரல் கறுத்துவிட்டது. அந்த விரலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போன் பண்ணேன்," என்றாள் திடீரென்று. குரல் சன்னமாக இருந்தது. "எங்க அம்மா அப்பா எல்லாம் வந்திருந்தாங்க. வாஃபிள் ஆறுது, காபி ஆறுது, ஆளைக் காணோம். 'டோருன் பொண்ணு கொடி பிடிக்குதாம், ஊர்வலத்துல கொஞ்ச நேரம் நடந்துட்டு வரேன், பார்த்துக்கறியான்னு கேட்டா, போயிட்டு வான்னு சொல்லிட்டேன்'னார். எனக்குக் கோவம். பின்னாடி அவ குடுத்துட்டுப் போன டியூட்டி போன் கத்திக்கிட்டே இருந்துச்சு. அவர் பேசறதே கேக்கல."

ஹெர்டிஸ் மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"'அந்த அழுமூஞ்சி முள்ளைக் குளிக்க அனுப்பிட்டு வாங்க, ஒரு நாள்தானே'ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், அக்கா. எப்பவும் அவங்க எல்லாம் பண்றதுதானே. டோருன் வரட்டும்னார். அவ வந்துடுவா, நீங்க கிளம்புங்கன்னேன். அவர் கிளம்பி வந்துட்டார். வந்து ஏழு வாஃபிள் தின்னார்." அவள் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். "முள்ளைத் திருப்பிப் போடணும்னு அவருக்கும் ஞாபகம் வரல, எனக்கும் வரல! நான்தான் கொன்னேன், நான்தான்!"

"இன்னும் யாரும் சாகல," என்றாள் ஹெர்டிஸ். "அழறதுன்னா அழு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ மிச்சத்தையும் துலக்கினா நான் தடுக்கமாட்டேன். நீதான் என்னை அமர்த்தினே. கண்டுபிடிச்சதை உன்கிட்ட சொல்லிட்டேன். இதோட என் வேலை முடிஞ்சுது."

ஃப்ரூடேவுக்கு அந்த நிமிஷம் ஹெர்டிஸின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடிகாரத்தைப் பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சுன்னிவா மூக்கைத் துடைத்தாள். கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். "எனக்கு இப்போ வண்டி ஓட்ட முடியாது," என்றாள் ஃப்ரூடேவைப் பார்த்து. "நீ ஓட்டுவியா?"

அந்த ஊர்ப் போலீஸ் நிலையமும் நூலகமும் ஒரே கட்டடம். சாதாரண நாளாக இருந்தால் ஃப்ரூடே அதைப் பற்றி ஒரு நக்கல் அடித்திருப்பான். இன்று படி ஏறும்போது அவனுக்கு மூச்சுதான் வாங்கியது.

உள்ளே அதிகாரி ஹல்வார் வாக்குமூலத்தைச் சத்தமாகப் படித்து முடித்திருந்தார். டோருன் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தாள். கதவு திறந்ததும் நிமிர்ந்தவள், கோட்டைப் பார்த்தாள், எழுந்துவிட்டாள்.

"நான் சொன்னேனே! தேடாதீங்கன்னு கெஞ்சினேனே!" என்று ஹெர்டிஸைப் பார்த்துக் கத்தினாள்.

சுன்னிவா கோட்டை மேசைமேல் விரித்தாள். "முள்ளை எடுத்தது என் புருஷன். எடுக்கச் சொன்னது நான். எழுதிக்கோங்க."

ஹல்வார் அதிகாரியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "என்னம்மா சொல்றீங்க?"

"அவ சொல்றதைக் கேக்காதீங்க. அவளுக்குத் தூக்கம் இல்ல," என்றாள் டோருன். "நான் எங்கிட்ட இருந்த பொறுப்பை விட்டுட்டுப் போனேன். பார்த்துக்கன்னு அவன் தலையில கட்டினேன். என் தப்புக்கு நான் கையெழுத்துப் போடறேன், விடுங்க."

"உனக்கு எப்போ தெரியும், அவர்னு?" என்று கேட்டாள் சுன்னிவா.

டோருன் பேனாவை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "காலையில மீன் துள்ள ஆரம்பிச்சதும் அவன் முதல்ல தொட்டிக்கிட்ட ஓடல. நேரா வாளிக்கிட்ட ஓடினான். முள் அதுல கிடக்கறதைப் பார்த்தான். அப்புறம் ஒரு வார்த்தை பேசல, சுன்னிவா. விஷவாயு முகமூடி அங்கேயே மாட்டியிருந்துச்சு. அதை எடுக்கக்கூட நிக்காம குழிக்குள்ள இறங்கிட்டான். நான் கத்தினேன். அவன் காதுல விழல."

சுன்னிவா மேசை விளிம்பைப் பிடித்தாள். டோருன் மேசையைச் சுற்றி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எதுக்குடி வந்தே?" என்றாள் டோருன். இப்போது அவளும் அழுதாள். "அவன் கண்ணைத் திறக்கும்போது போலீஸ் நிக்கணுமா? பிறக்கப்போற குழந்தைக்கு இந்தப் பேரா?"

"உன்னைத் திட்டினேன். ஊரெல்லாம் போய் உன்னைத் திட்டினேன். நீ கேட்டுக்கிட்டே இருந்தே," என்றாள் சுன்னிவா. "உன்னை உள்ளே தள்ளிட்டு, என் குழந்தையை நான் எப்படி வளர்ப்பேன்?"

ஹல்வார் வாக்குமூலத்தை எடுத்து மடித்து, மேசை இழுப்பறைக்குள் போட்டார். விசாரணை புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்றார். வாளி விஷயம் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாதது பற்றிப் பண்ணை முழுக்க விசாரிக்க வேண்டியிருக்கும் என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஃப்ரூடே சுவரில் சாய்ந்து நின்றான். டோருன் தப்பித்துவிட்டாள். அதற்குத்தானே காலையிலிருந்து தவித்தான்? சந்தோஷம் வரவில்லை. ஹெர்டிஸ் அவன் தோளில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"இன்னிக்கு ஒரு நக்கலும் இல்லையேடா?"

"வரல, தலைவி."

சுன்னிவா கறுத்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழ முயன்றாள். முடியவில்லை. அறையில் இருந்த எல்லாரையும் பார்த்தாள். கடைசியில் டோருனைப் பார்த்தாள்.

"பெர்கனுக்கு அடுத்த படகு இருக்கு. அவர் காதுல இதைச் சொல்லணும். தனியா அந்த ரூமுக்குள்ள போக எனக்கு தைரியம் இல்ல. நீ கூட வர்றியா?"

டோருன் ஆணியிலிருந்து இரண்டு பேருடைய மழைக்கோட்டையும் எடுத்தாள்.